பெயர் போடாத நோட்டீஸ்

அண்ணாச்சி,

இன்று காலை பஞ்சுப்பேட்டையில் ஒருவன் என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனான். மை காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும், ராஜபாளையத்தில் உங்கள் அச்சுக்கூடத்துக்குள் நிற்பதுபோல் இருந்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் நீங்கள். ஆனாலும் உங்கள் வேதத்தையே கிண்டல் செய்த நோட்டீஸை அச்சடித்துக் கொடுத்தீர்கள். பாதிரியார் வந்து கடிந்துகொண்டபோது, "அவிய கேள்விதான கேக்காக. பதில் எழுதித் தாங்க, அதையும் அடிக்கேன்" என்றீர்கள். சர்க்காரைத் திட்டிய நோட்டீஸுக்காக உங்கள் மிஷினுக்குச் சீல் வைத்தபோதும் அசரவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் நான் எழுதிய நோட்டீஸோடு உங்களிடம் வந்தேன். சோழபுரத்துத் தரகன் ஒருவன் பஞ்சில் தண்ணீர் தெளித்து எடையேற்றி என்னை ஏமாற்றியிருந்தான். அவனைத் திட்டியதோடு நான் நிறுத்தவில்லை. அவன் சாதியையே இழுத்து, அவர்கள் தெருக்காரர்களைக் கண்ட இடத்தில் அடியுங்கள் என்று முடித்திருந்தேன்.

"தண்ணி தெளிச்சது எத்தன பேருலே?"

"ஒருத்தன்தான்."

"அப்ப அவன் பேரப் போட்டு எழுது, அடிக்கேன். கோர்ட்டுக்கு இழுத்தா நானும் வாரேன். இத அடிக்க மாட்டேன்."

"உங்க சாமியக் கிண்டல் பண்ணுனத மட்டும் அடிச்சீக?"

"அதப் படிச்சு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இதப் படிச்சா கம்பு தூக்குவான்."

நான் முறைத்துக்கொண்டு வெளியூர் போய், அச்சகத்தின் பெயரும் என் பெயரும் இல்லாமல் அடித்துவந்து சந்தையில் பரப்பினேன். அடுத்த வாரமே சோழபுரத்தில் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு வண்டிக்காரரின் கையை முறித்துவிட்டார்கள். அவருக்கும் பஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. தரகன் அன்று ஊரிலேயே இல்லை.

பெயரில்லாத நோட்டீஸ் என்றதும் போலீஸ் உங்களைத்தான் பிடித்தது. சாதிப் பகை மூட்டியதாக வழக்கு; மிஷினுக்கு மறுபடி சீல். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் உங்களை ஒதுக்கி நிறுத்தி, "எம்பேரச் சொல்லீட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இல்ல. அம்புட்டும் எழுதுனியே, இதையும் நீயே போயிச் சொல்லு."

உள்ளே போய், எழுதியது நான்தான் என்று சொன்னேன். உங்களை விட்டார்கள்; நான் மூன்று மாதம் உள்ளே இருந்தேன்.

வெளியே வந்த அன்றே நீங்கள் என்னைச் சோழபுரத்துக்கு அழைத்துப் போனீர்கள். வண்டிக்காரர் கோணலாய்க் கூடியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்க எழுதுனத எனக்குப் படிக்கத் தெரியாது மொதலாளி. என்னிய அடிச்சவனுக்கும் தெரியாதாம். யாரோ வாசிச்சுக் காட்டுனாகளாம்."



இப்போதும் யாரையாவது கண்டித்து எழுதத்தான் செய்கிறேன், அண்ணாச்சி. வியாபாரம் பார்ப்பவனுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் எழுதி முடித்ததும், எழுத்தறியாத ஒரு கூட்டத்துக்கு நடுவே எவனோ ஒருவன் அதை உரக்க வாசிப்பதாக நினைத்துக் கேட்டுப் பார்க்கிறேன். சில நாள் அப்படியே அனுப்புகிறேன். சில நாள் கிழித்துப் போடுகிறேன்.