அம்மா மறுபடி எழுதப் போகிறாள்

அன்பு மகளே,

சிதம்பரத்து விடுதிச் சாப்பாடு பழகிவிட்டதா? நாம் சேர்ந்து எழுதிய எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வில் உனக்கு இடம் கிடைத்தது. என் மதிப்பெண்ணைப் பற்றி நீ இன்றுவரை பேச்செடுக்கவில்லை. நல்ல பிள்ளை.

"இந்த வயசுல போதும், வுடு" என்றார் அப்பா. நானும் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

நேற்று சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் யோசித்தேன். கடலூரில் தேர்வு எழுதி முடிக்கும்வரை யாருமே என்னைக் கூப்பிடவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும், "திரும்ப எழுதப் போறேங்க" என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, படி. சோறு நான் வடிக்கிறேன்."

அடுத்த வருஷம் இடம் கிடைத்தால் நீதான் எனக்கு சீனியர். ஆனால் உன்னோடு தங்கச் சொல்லாதே, கண்ணு. எனக்குத் தனி அறை வேண்டும்.

உன் அம்மா