துரை என்னைப் பார்க்கக் கூடாதாம்

ஜூன் 2, ஞாயிறு

மதியச் சாப்பாடு சகலை வீட்டில். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. வாய் மேசையில் இருந்தது, கண் கூடத்து அலமாரியில் இருந்தது. என் மனைவியின் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே தகுதியில் என் வாழ்க்கைக்குள் நுழைந்த இந்த மனிதருக்கு, நாய்க் கண்காட்சிக் கோப்பை இன்னும் ஒன்று வந்திருக்கிறது. முந்தியவை போல அல்ல. இதில் தண்ணீர் ஊற்றினால் கப்பல் விடலாம். கரையில் துறைமுகமும் கட்டலாம்.

"சும்மா தூக்கிப் பாருங்க சகலை, நல்ல கனம்" என்றார்.

தூக்கினேன். உள்ளே வெறும் காற்று. கனமெல்லாம் என் வயிற்றில்.

வென்றது அவருடைய கறுப்பு காக்கர் ஸ்பேனியல், நவாப். நானும் அதே இனத்தில்தான் ஒன்று வைத்திருக்கிறேன், பொன்னிறத்தில். பெயர் துரை. ஏன் அதே இனம் என்று மனைவி கேட்டபோது, காது அழகாக இருந்தது என்றேன். இதுவரை துரைக்கு வந்தது ஒரே ஒரு ரிப்பன். கலந்துகொண்டதற்காக.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வெயில்."

"மழை பெய்யுதுங்க."

ஜூன் 5

துரையைப் போட்டி வளையத்துக்குள் நானே ஓட்டிப் போவதுதான் தோல்விக்குக் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டேன். போன முறை ஓடி முடித்தபோது நாயைவிட எனக்குத்தான் அதிகம் இரைத்தது. நடுவர் என் பல்லைத்தான் முதலில் திறந்து பார்ப்பார் போலிருந்தது.

ஆகவே ஒரு ஹேண்ட்லரைப் பிடித்தேன். நாயைப் பழக்கி, வளையத்தில் நிறுத்திக் காட்டுவதே அவருக்குத் தொழில். ஒல்லியான மனிதர், கோட்டு சூட்டு. கோட்டுப் பையில் அவித்த ஈரல். ஈரலோடு கை குலுக்கினார்.

நிபந்தனை இரண்டு. கண்காட்சிக்கு முந்தின ஒரு மாதம் துரை அவர் வீட்டில் இருக்க வேண்டும். கண்காட்சி அன்று வளையத்துப் பக்கம் என் தலை தெரியக் கூடாது.

"ஓனரைப் பாத்துட்டா நாய் நிக்காது சார். ஆடும், குதிக்கும், எல்லாம் போச்சு. எல்லா ஓனரும் எங்கயாவது ஒளிஞ்சுக்குவாங்க. தூணு, திரை, ஐஸ்கிரீம் வண்டி… எது கிடைக்குதோ."

பணம் போடுகிறவன் நான், ஒளிந்துகொள்கிறவனும் நான். நல்ல நியாயம்!

ஜூன் 6

மொட்டைமாடி ஒழுக்கை அடைக்க வைத்திருந்த காசை ஹேண்ட்லருக்கு முன்பணமாகக் கொடுத்தாயிற்று. கூடத்தில் மழை சொட்டும் இடத்தில் மனைவி வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கவலைப்படாதே. கோப்பை வரட்டும், வாளியை எடுத்துட்டு அதை வெச்சிடலாம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஜூன் 11

துரையின் குளியல் ஒரு முடிசூட்டு விழா. முதலில் ஒரு ஷாம்பூ, பிறகு இன்னொன்று, பிறகு முடி படிய ஒரு திரவம், பிறகு சூடான காற்று. நான் குளிப்பது துணி சோப்பில். அது தீர்ந்துபோனால் தண்ணீரில். சாப்பிடும்போது அவன் காதுகள் கிண்ணத்தில் தோயாமலிருக்க, தலையில் துணி உறை மாட்ட வேண்டும். மாட்டினால் பக்கத்து வீட்டுக் கிழவி சாயல். சொன்னால் அந்த அம்மாள் கோபிப்பார், துரை அதைவிட.

மனைவிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "தடியன், சோபாவுல ஏறினா காலை உடைப்பேன்" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. ஆனால் அவள் தலையணையில் பொன்னிற முடி ஒன்று கிடந்ததே? கேட்டேன்.

"காத்துல பறந்து வந்திருக்கும்."

ஜன்னல் சாத்தியிருந்தது. இருந்தாலும் காற்றுக்கு எவ்வளவோ வழி.

ஜூன் 18

துரையைக் கொண்டுபோய் விட்டேன். திரும்பிப் பார்ப்பான் என்று வாசலில் நின்றேன். நின்றேன். அவன் மூக்கு அந்தக் கோட்டுப் பையில். ஈரல்.

ஜூன் 30, ஞாயிறு

ஹேண்ட்லர் வீட்டுக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். துரை சிலை போல நிற்கிறான். வால் ஒரே கோட்டில், முகம் மேலே, கண் இரண்டும் அந்த ஒல்லி மனிதர் மேல். எப்படிப்பட்ட கண்! கல்யாணமான புதிதில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. என் பக்கம் ஒரு தடவை திரும்பினான். என் மூக்குக்கண்ணாடிக் கடையில், வாங்காமல் விலை மட்டும் கேட்டுப் போகிறவர்களை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"சூப்பரா வந்துட்டான் சார்" என்கிறார். வந்துட்டானாம். யார்கிட்ட வந்துட்டான்? யார் வீட்டு நாய்யா அது? வாங்கினது நான், தடுப்பூசிக்குத் தூக்கிட்டு ஓடினது நான், ராத்திரி இடி இடிச்சா கட்டிலுக்கடியில படுத்து அவன் காலைப் பிடிச்சிட்டிருந்தது நான்…

சகலை மேல் இருந்த எரிச்சலில் பாதியை இன்று இந்த மனிதருக்கு மாற்றி எழுதினேன். சகலையின் பங்கு குறையவில்லை. மொத்தம்தான் கூடிவிட்டது.

ஜூலை 3

சட்டைப் பையில் ஈரல் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன், பழகிப் பார்க்கலாமென்று. கண் பரிசோதனைக்கு வந்தவர் முதல் எழுத்தைப் படிப்பதற்குள் மூக்கைப் பொத்தினார். திரும்பி நடந்தபோது தெருநாய்கள் ஊர்வலமாக வந்தன. ஒரு மன்னனுக்கு உரிய மரியாதை. ஆனால் எந்த நாய் வேண்டுமோ அது வரவில்லை.

ஜூலை 16

சகலை மகள் போன் செய்தாள். எதிரி முகாமில் எனக்கு இருக்கும் ஒரே ஆள்.

"சித்தப்பா, அப்பா இப்பவே கண்ணாடி முன்னாடி நின்னு நன்றி சொல்லிப் பழகறாரு."

"எனக்கு நன்றி சொன்னாரா?"

"உங்க பேரு வந்துச்சு. 'கடினமான போட்டி தந்த என் சகலைக்கு'ன்னு. அந்த இடத்துல மட்டும் சிரிச்சாரு."

சிரிச்சாராமே.

ஜூலை 21, ஞாயிறு. கண்காட்சி

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பெரிய மண்டபம். வளையத்துக்கு எதிரே ஒரு தடித்த தூண். என் தொப்பைக்கு அது போதவில்லை, பக்கவாட்டில் மூச்சைப் பிடித்து நின்றேன். பத்தடி பின்னால் வரிசை நாற்காலியில் மனைவி, முகத்தை மறைத்து ஒரு குடை. மண்டபத்துக்குள் குடை! "என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்ற முகம் குடைக்குப் பின்னாலும் தெரிந்தது. அடுத்த தூணுக்குப் பின்னால் சகலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம், திருடப் போன இடத்தில் சந்தித்தவர்களைப் போல.

ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் இரண்டே நாய்கள். துரை, நவாப். நடுவர் அம்மாள் துரையின் பல்லைப் பார்த்தார், தோளைத் தடவினார், முதுகில் கை ஓட்டினார். அவன் அசையவில்லை. கோப்பை மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. சகலைக்கும் தெரிந்துவிட்டது, அவர் முகம் பிழிந்த எலுமிச்சை ஆகிவிட்டது. அந்த முகத்துக்காகத்தானே இத்தனையும்! ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

ஆனால் துரை அந்த ஒல்லி மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே கண். கோப்பை எனக்கு வரும், சரி. இந்தப் பார்வை யாருக்கு? என்னை அடியோடு மறந்துவிட்டானா? சும்மா ஒரு காது தெரிந்தால் என்ன? ஒரு தோள்?

முழுசாக வெளியே வந்து நின்றேன்.

துரையின் மூக்கு திரும்பியது. வால் ஆடியது. பிறகு உடம்பே வாலாகிவிட்டது. கயிற்றைப் பறித்துக்கொண்டு, வளையத்துத் தடுப்பைத் தாண்டி, காதுகள் இறக்கை போல அடிக்க வந்தான் பாருங்கள்! மண்டபமே எழுந்தது. நான் முட்டி போட்டு இரண்டு கையையும் விரித்தேன். கண்ணில் தண்ணீர். கோப்பை யாருக்கு வேணும், போங்கய்யா!

வந்தான். என்னை ஒரு முறை முகர்ந்தான். என் தோளில் கால் வைத்து ஏறித் தாண்டி, நேரே பின்னால் போய்க் குடைக்குள் விழுந்தான்.

குடைக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஐயோ என் ராசா! என் தங்கம்! இளைச்சுட்டியேடா!"

இந்தத் தடியனை. சோபாவில் ஏறினால் காலை உடைக்கப் போகிறவள்.

கோப்பை நவாப்புக்கு. சகலை நன்றி சொன்னார். 'கடினமான போட்டி' வந்தது. நான் முட்டி போட்ட இடத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 22

மனைவியிடம் விசாரணை நடத்தினேன். மதியம் நான் கடைக்குப் போன பிறகு, துரையின் தூக்கம் கட்டிலில், அவள் தலையணையில், தினமும். "அவனுக்கும் ஆளு வேணும், எனக்கும் ஆளு வேணும். நீங்கதான் கோப்பை கோப்பைன்னு அலைஞ்சீங்களே" என்கிறாள்.

எழுந்து போய் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 25

ஹேண்ட்லர் போன். "இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் சார். ஆனா அன்னைக்கு நீங்களும் அம்மாவும் வெளியூர் போயிடணும்." வேண்டாம் என்றேன். துரை இப்போது சோபாவில். சட்டப்படி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மழை. சகலை தனியாக வந்தார், கையில் அன்று நவாப் வென்ற கோப்பை. இதிலும் கப்பல் விடலாம். "எங்க வீட்டுல வைக்க இடமில்லை சகலை. உங்களுக்கு வரவேண்டியதுதானே இது" என்று நீட்டினார். அவமானப்படுத்துகிறாரா, அன்பு காட்டுகிறாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மனைவி யோசிக்கவே இல்லை. வாளி நிரம்பியிருந்தது, அதை எடுத்துவிட்டுக் கோப்பையைச் சொட்டுக்கு நேராக வைத்தாள். கணீர் என்று விழுகிறது.

சகலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நவாப் அவனோட ஹேண்ட்லர் வீட்டுலயேதான் இருக்கான். போன வாரம் போய்க் கூப்பிட்டேன், யாருன்னு பாத்தான்" என்றார். பிறகு சோபாவைப் பார்த்து, "உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்கு சகலை."

இத்தனை வருடமாக இந்த வாயிலிருந்து நான் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை! எழுந்து ஆடியிருப்பேன். அதற்குள் துரை சோபாவிலிருந்து இறங்கி, நிதானமாகப் போய், சகலையின் மடியில் தலையை வைத்தான். அவர் காதுக்குப் பின்னால் சொறிந்தார். துரை கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு ஒரு நாளும் அப்படி மூடியதில்லை. சகலையின் மழைக்கோட்டைத் தொங்கவிடுகிற சாக்கில் பையைச் சோதித்தேன். ஈரல் இல்லை.

அடுத்த ஞாயிறும் வருகிறாராம். வரட்டும். அன்று காலையிலிருந்து எனக்கும் துரைக்கும் வெளியே வேலை இருக்கிறது.

கோப்பை இன்னும் நிரம்பவில்லை. கப்பல் விட நாளாகும்.