பீப்பாயில் ஊறிய வைன்

1989 ஆவணி 14, இணுவில்

ஆறு வருடம் கழித்துப் பாரிஸிலிருந்து வந்திருக்கும் என் கணவர் இன்று பின்னேரம் ஒரு வைன் போத்தலைத் திறந்தார். ஷார்தொனேயாம், ஓக் மரப் பீப்பாயில் ஊறியதாம். நான் வழக்கம்போல எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டேன்.

“தண்ணியே குடிக்கிறாய்? முதல் மணந்து பார். பிறகு கொஞ்ச நேரம் வாயுக்கை வைச்சிரு.”

மணந்தேன். உருக்கின நெய்யோடு வறுத்த தேங்காய்ப்பூ வாசம். இரண்டாவது மிடறு பிடித்துத்தான் இருந்தது.

“உதெல்லாம் எங்கை பழகினியள்?”

“உது தனியப் பழகேலாது. பக்கத்திலை ஒராள் இருந்து சொல்லித் தரவேணும்.”

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்த ஆள் யாரோ என்று நினைத்தபடி போத்தலை அடைத்து வைத்தேன்.

இப்போது அவர் நல்ல நித்திரை. எனக்குக் கண்ணை மூடினால் அந்த நெய் மணக்கிறது. அவளுக்கு அது என்னவாக மணத்திருக்கும்?