நாய்க்கு வாங்கிய சாளை

மாமா,

என் பேரன் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. பொட்டலத் தீவனத்தைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, அது தின்னவில்லை என்று வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீங்கள் இன்று இல்லாவிட்டாலும், உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

நம் பக்கம் இன்னும் மெட்ராஸோடு சேராத காலம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து தோவாளைக்கு உங்கள் மருமகளாக வந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சம்பந்தி வீட்டைப் பார்க்கப் போன நீங்கள், ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். பூந்தோட்டத்துக்குக் காவல் என்றீர்கள். காவல்காரன் முதல் வேலையாகத் துண்டை நனைத்தான்.

பால்சோறு வைத்தோம், தயிர்ச்சோறு வைத்தோம். முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. அத்தை அதன் முன்னால் சம்மணம் போட்டு, "என் பொன்னுல்லா, ஒரு வாய் தின்னு மக்கா" என்று கெஞ்சினாள். கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அதே சோற்றை நானும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தேன். எனக்கு யாரும் மிளகாய் சுற்றவில்லை. நாய்க்குட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் மாமா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என்னைப் பார்க்க என் அண்ணன் வந்ததும் பெட்டியோடு அவன் பின்னால் போய்விடுவது, திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"கடப்பொறத்துக் குட்டில்லா. மீனில்லாம எப்பிடித் திங்கும்?" என்றீர்கள் மறுநாள்.

அத்தை துள்ளி எழுந்தாள். "சாமிக்குப் போற பூவு கட்டுத வீடு. மீன்வாடை அடிச்சா எவன் வாங்குவான்?"

"பொறவாசல்ல மூணு கல்லு வச்சுப் பொங்கட்டும். மருமவளுக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியும்."

வடசேரிச் சந்தையில் பூவை இறக்கிவிட்டு, மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் வாங்கி வந்தீர்கள். நான் தேங்காய் அரைத்துக் குடம்புளி போட்டேன். நாய்க்கு எதற்குக் குடம்புளி என்று யாரும் கேட்கவில்லை.

ஆறட்டும் என்று சட்டியின் பக்கத்தில் குந்தினேன். உப்புப் பார்க்க ஒரு துண்டு எடுத்தேன். பிறகு நடந்தது எனக்கே தெளிவாக நினைவில்லை. நீங்கள் வந்து நின்றபோது சட்டி பாதி காலி, என் வாய் நிறைய கிழங்கு. விழுங்க முடியவில்லை, துப்ப மனமில்லை. குட்டியோ என் விரலிடுக்கில் ஒட்டியிருந்ததை நக்கித் தின்றுகொண்டிருந்தது. நம் வீட்டில் அது தின்ற முதல் தீனி அதுதான்.

நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தீர்கள். "ஏட்டி, நாய் தின்னுட்டு, கேட்டியா! நல்ல பசி போல. நாளைக்குக் கூடுதலா வாங்கணும்."

அன்றுமுதல் நாய்க்குச் சாளை வந்தது, நெத்திலி வந்தது. பிறகு நான் உண்டாகியிருந்தபோது, நாய்க்குப் புளிமாங்காய் வேண்டும் என்று தோப்புத் தோப்பாக அலைந்தீர்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அதற்கு வெகுமுன்பே அண்ணன் வந்துவிட்டான். "வாறியா வீட்டுக்கு?" என்றான்.

"நாய் இன்னும் சரியாத் திங்கல அண்ணா. விட்டுட்டு எப்பிடி வர?"

முற்றத்தில் அது வயிறு தரையில் உரச நடந்துகொண்டிருந்தது. அண்ணன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நீங்கள் வெற்றிலையை மென்றபடி, "ஆமா, ரொம்ப எளச்சுப் போச்சு" என்றீர்கள்.

பசிக்கிறது என்று வாய்திறந்து சொல்லாமலே உங்கள் வீட்டில் என் வயிறு நிறைந்தது மாமா. இன்றும் யாருக்குச் சோறு பரிமாறினாலும், அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் அடுத்த அகப்பையைப் போடுகிறேன்.