ஒரு முழங்காலும் அறுபத்து நான்கு அணிகளும்

கார்வர் க்ரீக், இண்டியானா
14 மார்ச் 1988

அன்புள்ள டேரல்,

முழங்கால் வலி குறைந்ததா? நான் லோரீன். பள்ளிப் பேருந்தில் உனக்குப் பின் இருக்கை. நாம் பேசியதே இல்லை, மறந்திருந்தாலும் பரவாயில்லை. படிப்பை விட்டுவிட்டு இப்போது எர்ல் கடையில் தட்டு கழுவுகிறேன்.

நேற்று அறுபத்து நான்கு அணிகள் மோதும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் அட்டவணை வந்தது. நீ ஆடமாட்டாய் என்று உங்கள் ஹாலோவே கல்லூரியை தரவரிசையில் முதல் இடத்திலிருந்து ஐந்தாவதுக்கு இறக்கிவிட்டார்கள். ஒரு முழங்கால் மடங்கியதில் எத்தனை ஊர்களுக்கு எதிரணி மாறிவிட்டது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைச் சுவரில் ஆளுக்கொரு அட்டவணை ஒட்டியிருக்கிறோம். யார் ஜெயிப்பார்கள் என்று பென்சிலால் எழுத வேண்டும். வியாழன் மதியம் அதன்மேல் பேனா ஓட்டிவிட்டால் மாற்ற முடியாது. எல்லோரும் ஹாலோவேயை அழித்துவிட்டார்கள். "டேரல் இல்லாத ஹாலோவே, கறி இல்லாத பர்கர்" என்கிறார் எர்ல். நான் மட்டும் அழிக்கவில்லை. "உனக்கென்னடி தெரியும், போய்த் தட்டைக் கழுவு" என்று என்னை விரட்டினார்.

அதனால் உன்னையே கேட்கிறேன். நீ இல்லாமல் அவர்கள் ஜெயிப்பார்களா? ஜெயிக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாயா?

லோரீன் ஹோஸ்டெட்லர்

*

15 மார்ச்

லோரீன்,

ஞாபகம் இருக்கிறது. பேருந்துக் கண்ணாடியில் ஊதி ஊதிக் கோழி வரைவாய்.

இங்கே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்படா திரும்ப ஆடுவே?"

ஜெயிப்பார்கள். எதிரணி எப்போதும் என்னை மறிக்க இரண்டு பேரை விடும். என் இடத்தில் வரும் கர்ட்டை அவர்களுக்குத் தெரியாது. அழிக்காதே.

இரண்டாவது கேள்விக்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

டேரல்

*

18 மார்ச்

லோரீன்,

நேற்று ஆட்டம் பார்த்திருப்பாய். கடைசி நொடியில் கர்ட் எறிந்த பந்து வளையத்தில் சுற்றியதே, அப்போது "வெளியே விழு" என்று வேண்டிக்கொண்டேன். உள்ளே விழுந்தது. ஊன்றுகோலை விட்டுவிட்டு முதலில் எழுந்து கத்தியதும் நான்தான். இதில் எது நான்?

வேறு யாரிடமும் சொல்லவில்லை.

டேரல்

*

21 மார்ச்

அன்புள்ள டேரல்,

எது நீ என்று எனக்கும் தெரியவில்லை. அந்தப் பந்து சுற்றியபோது தொலைக்காட்சியில் உன் முகத்தைக் காட்டினார்கள். என் தாளில் ஹாலோவே என்று பேனாவால் எழுதியிருந்தும், எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஈரக்கையோடு நின்றேன்.

சனிக்கிழமையும் அவர்கள் ஜெயித்ததும் எர்ல் என் தாளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"கேட்டேன்."

"யார்கிட்ட?"

குழாயைத் திறந்துவிட்டேன்.

அடுத்த ஆட்டம் வியாழன். அன்றும் பந்து வளையத்தில் சுற்றினால், என்ன வேண்டிக்கொண்டாய் என்று எழுது. எதுவானாலும் எழுது.

லோரீன்