டொலார்ட் வீட்டில் பால் காய்ச்சியவர்

பெப். 10, திங்கள்
மைனஸ் 19. காரைக் கிளப்ப இருபது நிமிடம். வேலைக்குப் போகும் வழியில் டொலார்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்த்தேன். கதவில் அரசாங்கப் பூட்டு. பேஸ்மென்டில் கஞ்சா வளர்த்ததற்கு, அங்கே குடியிருந்த தம்பிக்குச் சிறை, வீடு பறிமுதல். படியில் பனி முழங்கால் உயரம், வழிக்க ஆளில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.
வாங்க வேண்டியவை: பால், படியில் பனி கரைக்க உப்பு, மனைவி வசந்தியின் பிரஷர் மருந்து.

பெப். 12, புதன்
லோயரிடம் போனேன். சென்னைக்காரப் பெண், நிதானம். வீடு வாங்கியபோது என் அகதி வழக்கு முடியவில்லை, தம்பி பெயரில் எழுதினோம், பிறகு மாற்றலாம் என்று விட்டதில் பதினெட்டு வருடம் போய்விட்டது என்றேன்.
"எழுத்துல ஏதாவது இருக்கா சார்?"
இல்லை. குடிபுகுந்த அன்று எடுத்த வீடியோ இருக்கிறது. பால் காய்ச்சியது நானும் வசந்தியும். வீட்டுக்காரர்தானே காய்ச்சுவது!
"எனக்குப் புரியுது சார். பால் பொங்குச்சு, அதனால வீடு இவரோடதுன்னு ஜட்ஜுக்கு பிரெஞ்சுல எப்படிச் சொல்றது?"
எனக்கே சிரிப்பு வந்தது.
இன்னொன்று. வீட்டைத் திருப்பிக் கேட்பவர், பேஸ்மென்டில் நடந்தது தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். செவ்வாய் கையெழுத்து.

பெப். 15, சனி
நாளைக்குப் பனிப்புயலாம். தம்பி மனைவி ரஜனி போன். வீடு போனபின் பிள்ளைகள் இரண்டோடும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அறை வாடகை. அவளும் வீட்டைக் கேட்டு மனுப் போடுகிறாளாம்.
"மூத்தாக்கள் எண்டுதான் உங்களைக் காய்ச்ச விட்டது, அண்ணை. மாசாமாசம் கடன் கட்டினது என்ர சம்பளம்."
"வீடு வாங்கேக்க குடுத்த முன்காசு ஆற்ற? என்ரதெல்லே?"
"அப்ப இவ்வளவு காலமும் ஏன் கேக்கேல்லை?"
வசந்தி போனைப் பறித்துத் தன் பங்குக்கும் கிழித்தாள். குழம்பு அடிப்பிடித்தது. "தன்ர காலுக்குக் கீழ நடந்தது இவவுக்குத் தெரியாதாம்!" என்றாள் போனை வைத்துவிட்டு.
தெரியாதுதான். ரஜனிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பேஸ்மென்டை யாரோ சாமான் வைக்க வாடகைக்கு விட்டிருப்பதாகத் தம்பி அவளிடம் சொல்லியிருந்தான். தெரிந்தது எனக்கு. ஹீட்டர் பார்க்கப் போன அன்று கதவில் இரண்டு பூட்டு, மூக்கைத் துளைக்கும் மணம். "பேசாம இரு அண்ணை, இந்த ஒரு வருசந்தான்" என்றான். இருந்தேன். வசந்தியிடமும் மூச்சு விடவில்லை.

பெப். 18, செவ்வாய்
தெருவெல்லாம் பனி மலை. மெட்ரோவில் போனேன். சத்தியக் கடதாசி மூன்று பக்கம், பிரெஞ்சில். நாலாம் பத்தியை லோயர் தமிழில் சொன்னார். பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
"இது ஏலாது மேடம். எனக்குத் தெரியும்."
"அப்போ உங்க மனு நிக்காது சார். உங்க தம்பி மனைவியோடது நிக்கலாம்."
நிற்கட்டும். பெருந்தன்மை ஒன்றும் கிடையாது, வயிறு எரிகிறது. என் வீடு அது.
வசந்தியிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.
ரஜனிக்குப் போன் எடுத்தேன். விலகுகிறேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை.
"அப்பவே தெரியுமெண்டா எனக்கு ஏன் அண்ணை ஒரு சொல்லுச் சொல்லேல்லை? என்ர பிள்ளையள் அதுக்கு மேலதானே படுத்ததுகள்."