சந்தோஷமாகக் கவனிக்கும் அண்ணன்

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாஷை தெரியாத இந்த ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தோம். குழுத் தலைவர் எல்லாருடைய போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். "ஊழியத்துக்கு வந்த இடத்துல மனசு வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார். சாயங்காலம் அரை மணி நேரம் அலுவலகக் கணினியில் கடிதம் எழுதலாம். அதனால்தான் உனக்கு இந்த 'அன்புள்ள' மரியாதையெல்லாம்.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறோம். என் வருட விடுமுறை மொத்தமும் இந்தச் சுவரில்தான். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் பிரஷ் பிடிக்கத் தெரியாது. என் பங்கில் பாதி என் தலையில்.

சாப்பாட்டுக்கு முன் தினமும் நன்றிச் சீட்டு எழுத வேண்டும். இன்றைக்கு எதற்காக ஆண்டவருக்கு நன்றி என்று இரண்டு வரி. ஞாயிற்றுக்கிழமை அவற்றை நம் சபைக்கு அனுப்பி ஆராதனையில் வாசிப்பார்களாம். நேற்று நான் 'கொசுவலை' என்று எழுதினேன். தலைவர் சிரிக்கவில்லை.

அப்பா சாப்பிடுகிறாரா? இடது கையை அசைக்கிறாரா?

உன் அன்புத் தங்கை


ஜூன் 4

வாயாடி,

அப்பா சாப்பிடுகிறார். பாதியைத் துப்புகிறார். கை அப்படியேதான் இருக்கிறது.

15ஆம் தேதி எனக்குப் பயிற்சி. புது வகை லிஃப்ட், வெளியூர், பத்து நாள். அதை முடித்தவனுக்குத்தான் மேற்பார்வையாளர் வேலை. முடிக்காதவன் ஐம்பது வயதிலும் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் பூசிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அப்பா படுத்த இந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை 'வீட்டில் ஆள் இல்லை' என்று சொல்லிவிட்டேன். இதற்கு மேல் கம்பெனியில் கூப்பிட மாட்டார்கள்.

உன் விடுமுறையைக் கேட்டேன். ஊழியம் என்றாய். கடவுளோடு யார் போட்டி போடுவது? அந்தப் பத்து நாள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தையிடம் காலில் விழாத குறையாகக் கேட்டுச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். உன் சீட்டில் அத்தைக்கும் ஒரு வரி எழுது.

அண்ணன்


ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. ஆனால் சீட்டில் அதையெல்லாம் எழுத முடியாது, நன்றிதான் எழுத வேண்டும். அதனால் இப்படி எழுதினேன்: 'படுக்கையில் இருக்கும் அப்பாவைச் சந்தோஷமாகக் கவனிக்கும் என் அண்ணனுக்காக நன்றி. இந்த ஊழியத்தைத் தேவன் அவனுக்கென்றே கொடுத்தார்.'

வாசித்ததும் இரண்டு அக்காமார் அழுதுவிட்டார்கள். "இதுதாம்மா சீட்டு" என்றார் தலைவர். கேட்டால் நீயும் குளிர்ந்துபோவாய் என்று நினைத்தேன்.

உன் அன்புத் தங்கை


ஜூன் 8

நேற்று ஆராதனையில் வாசித்தார்கள். நான் போகவில்லை. அப்பாவுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மதியம் நாலு பேர் வந்து என் கையைக் குலுக்கினார்கள். "குடுத்துவச்சவர் தம்பி உங்கப்பா" என்றார் சபைப் பொருளாளர். நிரம்பி வழிந்துகொண்டிருந்த மூத்திரப் பையை ஒருவரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தாள்.

"கடவுள் உனக்குன்னே குடுத்த ஊழியம்டா. நடுவுல நான் பூந்து கெடுக்கலாமா? சபையே கேட்டுச்சு. நான் மக வீட்டுக்குக் கிளம்புறேன்."

"அத்தை, எனக்குப் பயிற்சி இருக்கு."

"சந்தோஷமா செய்யுறவனுக்கு எதுக்குடா பயிற்சி?"

போயே போய்விட்டாள்.

நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? எனக்கு அப்பா மேல் வெறுப்பில்லை. செய்கிறேன், அவ்வளவுதான். நீ நன்றி சொன்னாய், சபை ஆமென் சொன்னது, எல்லாருக்கும் வேலை முடிந்தது. உன் நன்றியை நீயே வைத்துக்கொள். எனக்குத் தேவை பத்து நாள்.

இனி எழுதாதே.


ஜூன் 10

அண்ணா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படி.

இங்கே எங்களுக்குச் சமைக்கும் அக்காவை நேற்று எல்லார் முன்னாலும் நிறுத்தி நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் பாதி சைகை, பாதி அரைகுறைப் பேச்சாக விசாரித்தேன். வருடாவருடம் இந்தச் சுவர்களுக்கு வெள்ளையடித்தது அவள் புருஷனாம். இந்த வருடம் நாங்கள் சும்மா அடித்துக் கொடுக்கிறோம். அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

"அப்புறம் ஏன் நன்றி சொன்னீங்க?"

"சொல்லலைன்னா இந்தச் சமையலும் போயிடும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைவரிடம் போய், இந்தச் சுவரை அவள் புருஷனிடமே கொடுத்துவிடலாம் என்றேன். என் சீட்டு பொய் என்று சபைக்கு எழுதவும் சொன்னேன். "முறுமுறுக்காதீங்க சிஸ்டர், அது பாவம்" என்றார். ஆகவே நானே நம் பாஸ்டருக்கு எழுதிவிட்டேன்: 'என் அண்ணன் சந்தோஷமாகச் செய்கிறான் என்று நான் எழுதியது பொய். அவன் தனியாகச் செய்கிறான். நான் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை இதையும் வாசியுங்கள்.' வாசிப்பாரோ என்னவோ.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். 14ஆம் தேதி காலையில் வீட்டில் இருப்பேன். இனி எந்த ஊழியக் குழுவிலும் எனக்கு இடமில்லையாம். ஆய்வுக்கூடத்தில் ஊரார் ரத்தமெல்லாம் எடுக்கிறேன், பெற்ற அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கத் தெரியாது. எப்படி என்று எழுதி வை.

தங்கை


ஜூன் 14, மாலை 4 மணி

வாயாடி,

உன் விமானம் தாமதமாம். என் பஸ் நிற்காது. அப்பாவோடு கீழ்வீட்டு டெய்லர் இருக்கிறார். நீ வந்ததும் அவரைக் கடைக்கு அனுப்பிவிடு, தைக்க வேண்டியது குவிந்து கிடக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவை. இடுப்பைப் பிடி. தோளைப் பிடித்து இழுக்காதே. சோற்றைக் குழைத்து வலது கடைவாய்ப் பக்கம் கொடு. பையைத் தரையில் படாமல் கட்டு. திட்டுவார், கேட்டுக்கொள்.

அத்தை மகள் வீட்டிலிருந்து திரும்பி எட்டிப் பார்த்தால் உள்ளே கூப்பிடு. விரிப்பு மாற்றும்போது ஒரு முனையைப் பிடிக்கச் சொல்.

நான் எங்கே என்று அப்பா கேட்பார். வேலை கற்கப் போயிருக்கிறான் என்று சொல். மறந்துவிட்டு மறுபடி கேட்பார். மறுபடி சொல். பத்தாவது தடவை உனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போல் இருக்கும். எனக்கு எல்லா நாளும் இருந்தது. மாடிப்படியில் போய் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே வா.

அண்ணன்